ஒன்பதாம் நாள் தாளில் ஒரு காலியிடம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இது மிச்சம் விழுந்தது. நானும் என் மனைவியும் பதினான்கு நாள் நடந்த ஓர் ஆய்வில் கலந்துகொண்டோம். தினமும் ஆளுக்கு ஒரு தாள் நிரப்பி, ஆளுக்கு ஓர் உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. நான் என் தாள்களை ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் எழுதியது எனக்குத் தெரியாது. ஆக, ஒரு முழு விஷயத்தில் சரிபாதி என்னிடம் இருக்கிறது. மறுபாதியை நானே எழுதிப் பார்க்கும் முயற்சிதான் நீங்கள் இப்போது படிப்பது.

படம் எடுத்தது தொழில் புத்தி. நான் இயந்திரங்களுக்கு உபயோகக் கையேடு எழுதுபவன். வாஷிங் மெஷின் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, நீங்கள் பிரிக்காமலே மேல் அலமாரியில் போட்டுவைப்பீர்களே, அதை எழுதுவது நான்தான். [உங்கள் மேல் கோபம் இல்லை. என் வீட்டிலும் அது மேல் அலமாரியில்தான் இருக்கிறது.] ஒரு பக்கம் எழுத இயந்திரத்தை மூன்று முறை பிரித்து மாட்டுவேன்.

என் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள். நாற்காலியில் உட்காரவைத்து, கண் முன்னால் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்களே, அந்த வேலை. அவளிடம் கண் காட்ட வந்த ஓர் ஆராய்ச்சி மாணவிதான் எங்களை இதில் சேர்த்தார். தம்பதிகள் தினசரி வாழ்க்கையில் ஒருவருக்காக ஒருவர் என்னென்ன விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு.

இன்று ஞாயிறு. ஆய்வு நேற்று முடிந்தது. நாளை காலை பத்து மணிக்குள் என் மனைவி ஒரு கடிதத்துக்குப் பதில் கொடுக்க வேண்டும். அதற்குள் அவளுடைய ஒன்பதாம் நாள் தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். காலையில் கேட்டுப் பார்த்தேன்.

"உறை ஒட்டியாச்சுப்பா," என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டாள்.

2

அந்தத் தாள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்டவை பிடிக்காதவர்கள் நேராக மூன்றாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் போகாதீர்கள், நன்றாக இருக்கும்.

கேள்விகள் இரண்டே இரண்டு. ஒன்று: இன்று உங்கள் துணைக்காக நீங்கள் எதையாவது விட்டுக்கொடுத்தீர்களா? இரண்டு: இன்று உங்கள் துணை உங்களுக்காக எதையாவது விட்டுக்கொடுத்தாரா? அழகு எதில் என்றால், என் முதல் பதிலை எடுத்து அவளுடைய இரண்டாம் பதிலுக்குப் பக்கத்தில் வைப்பதில். நான் கொடுத்தேன், அவள் பார்த்தாள்: இது ஒரு கட்டம். நான் கொடுத்தேன், அவள் பார்க்கவில்லை: இன்னொரு கட்டம். நான் எதுவுமே கொடுக்கவில்லை, ஆனால் கொடுத்ததாக அவள் நினைத்து உருகிவிட்டாள்: மூன்றாவது. [எனக்கு மிகவும் பிடித்த கட்டம்.] கொடுக்கவுமில்லை, பார்க்கவுமில்லை: நான்காவது. பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகள் இதில் விழும்.

"நாலுல எந்தக் கட்டம் அதிகமா வரும்?" என்று மாணவியிடம் கேட்டேன்.

"அது தெரிஞ்சா நான் எதுக்கு சார் வீடு வீடா உறை குடுத்துக்கிட்டு அலையறேன்?"

நியாயம்தான்.

3

கதையின் தொடக்கம், முதல் வரைவு:

"ஓர் ஊரில் ஒரு கணவனும் மனைவியும் ஒருவருக்காக ஒருவர் உயிரையே"

நிறுத்திவிட்டேன். உயிரைப் பற்றித் தாளில் கேட்கவில்லை. உயிர் கொடுப்பது சுலபம் என்று நினைக்கிறேன், ஒரு தடவை கொடுத்தால் முடிந்தது. அவளுடைய அக்காவோடு தொலைபேசியில் நாற்பது நிமிடம் முட்டிவலியைப் பற்றிப் பேசுவது அப்படி அல்ல. அது வாராவாரம் வரும்.

இரண்டாம் வரைவு:

"ஜன்னல் வழியே வந்த மாலை வெயில் அவள் கன்னத்தில்"

எங்கள் ஜன்னல் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவரைப் பார்த்தது. வெயில் வருவதானால் சுவரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

மூன்றாம் வரைவு எனக்குப் பழக்கமான நடையில் அமைந்தது:

"தொடங்கும் முன்: இந்தத் தம்பதியைச் சமதளத்தில் வைக்கவும். அதிர்வு இருந்தால் கால்களைச் சரிசெய்யவும்."

எனக்குத் திருப்தி. ஆனால் அவள் தலை துவட்டிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள். "ஈரமான இடத்துல வைக்கக் கூடாதுன்னும் சேத்துக்கோ," என்றாள். அதோடு அந்த வரைவும் போயிற்று.

4

நேராக நடந்ததையே சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் கஷ்டமில்லை. மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தேன், அக்காவோடு பேசினேன், அவளுக்குப் பிடித்த, எனக்குத் தலைவலி தரும் சோப்பை வாங்கி வந்தேன். நான்காம் நாள் சாயங்காலம் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுத ஒன்றுமில்லை. ஒரு சராசரி வீட்டில் மூன்று நாளைக்குத்தான் தியாகம் கையிருப்பு இருக்கும்போல. [இதை மாணவியிடம் சொல்ல வேண்டும்.]

"இல்லை" என்று எழுதி ஒட்டினேன், அது எனக்கு அவமானம். அதனால் ஐந்தாம் நாளிலிருந்து தியாகம் தேடி அலைய ஆரம்பித்தேன். அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், ஆறாம் நாள் காலை எட்டு இருபதுக்கு.

வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு அவள் தனியாக நடந்தால் ஒன்பது நிமிடம். நான் தனியாக நடந்தால் பதினான்கு. சேர்ந்து நடந்தால் பதினொன்றரை. அவள் கொஞ்சம் குறைத்துக்கொள்வாள், நான் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன். எட்டு வருடமாக இருவருக்கும் பிடிக்காத ஒரு வேகத்தில் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

அன்று நான் ஒரு முடிவெடுத்தேன். இன்றைக்கு முழுக்க முழுக்க அவளுடைய வேகத்திலேயே நடந்துவிடுவது. வாசலைத் தாண்டியதும் கையை வீசி விரைந்தேன். மருந்துக் கடை தாண்டி, தபால் பெட்டி தாண்டி, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். தெருக்கோடியில் ஓர் உருவம், ஒவ்வொரு வீட்டு வாசலையும் பார்வையிட்டுக்கொண்டு, தேர் மாதிரி அசைந்து வருகிறது.

"யாராவது துரத்தறாங்களா? எதுக்குப்பா இந்த ஓட்டம்?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"உனக்காகத்தாம்மா! நீ ஏன் இப்படி வர்ற?"

"உனக்காகத்தான்! ஆசைப்பட்டா மெதுவா வரேன்?"

என் வேகத்தில் அவளும் அவள் வேகத்தில் நானும். எட்டு வருடத்தில் நாங்கள் ஒருவரை விட்டு ஒருவர் அவ்வளவு தூரத்தில் நடந்ததே இல்லை. பேருந்து வந்தது, நின்றது, போய்விட்டது.

5

[இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். நடந்ததுதான், ஆனால் நம்பும்படி இல்லை.]

ஏழாம் நாள், சனிக்கிழமை. இருக்கும் ஆசைகளையெல்லாம் விட்டுக்கொடுத்துத் தீர்த்துவிட்டதால், விட்டுக்கொடுப்பதற்காகப் புதிதாக ஆசைப்பட ஆரம்பித்திருந்தேன்.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள். பிரம்பு நாற்காலியின் சாய்மானக் கட்டை உட்காருபவரின் முதுகெலும்பை எண்ணிப் பார்க்கும். அதைத் தொட்டுக்கொண்டு சொன்னேன்: "எனக்கு இந்த நாற்காலின்னா உயிரு. ஆனா நீ உட்காரு."

"எப்பத்திலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

"இதுல உட்கார்ந்தா இடுப்பு ஒடியுதுன்னு எட்டு வருஷமாப் புலம்பினது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

"அதான் இப்ப விட்டுக்கொடுக்கறேன்ல."

"பிடிக்காததை விடறதுக்குப் பேரு தப்பிக்கறது. நீ அந்த நல்ல நாற்காலியில உட்காரு. நான் நின்னுக்கறேன்."

"நீ நிக்கும்போது நான் உட்காருவேனா?"

"அப்ப நில்லு."

நின்றோம். இரண்டு காலி நாற்காலிகளுக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள் நின்றபடி டீ குடித்தோம். முட்டிவலியைப் பற்றி நேரில் சொல்ல அவளுடைய அக்கா வந்தார். எங்களைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார்.

"என்ன, பெயின்ட் அடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு அவரும் நின்றுகொண்டார்.*

* இது ஆய்வின் குறை அல்ல, எங்கள் குறை. ஆனாலும் விளக்கிவிடுகிறேன்: காய்ச்சல் பார்க்க வைத்த தெர்மாமீட்டரே உடம்பைச் சூடாக்கினால், அதில் தெரிவது யாருடைய சூடு? ஏழாம் நாள் இரண்டு பேரும் அன்பாக இருந்தோமா, தாள் நிரப்பினோமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

6

சிரிப்பு இதோடு போதும். ஒன்பதாம் நாளுக்கு வருகிறேன்.

திங்கள் சாயங்காலம். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு நீர் மோட்டாரின் படத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

"புதுக் கிளை ஒண்ணு திறக்கறாங்க," என்றாள். "தலைமைப் பொறுப்புக்கு என்னைக் கேட்டுக் கடிதம் குடுத்திருக்காங்க."

"அட! எங்க?"

"ரயில்ல அஞ்சு மணி நேரம்."

"ஓ."

"அடுத்த திங்கள் பத்து மணிக்குள்ள சொல்லணும். வேண்டாம்னு எழுதிடலாம்னு பாக்கறேன். உனக்குச் சரியா?"

"உன் இஷ்டம்."

என் சட்டை ஒன்றை எடுத்து, கையை உள்ளே மடித்து, மேலே தடவிவிட்டு அடுக்கில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. வியாழக்கிழமை பேருந்துக்கு நிற்கும்போது மறுபடியும் கேட்டாள்: "வேண்டாம்னு எழுதினா உனக்குச் சரிதானே?" "உன் இஷ்டம்மா," என்றேன். குரலில் கொஞ்சம் தாராளமும் சேர்த்திருந்தேன்.

உங்களிடம் மறைக்கக் கூடாது. கையேட்டை எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முடியாது. தொழிற்சாலை இந்த ஊரில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய், புது இயந்திரம் எதுவானாலும் முதல் ஆளாகப் பிரித்துப் பார்ப்பவன் நான். உலகத்தில் எனக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான். அவள் வேண்டாம் என்று எழுதினால் எனக்கு நிம்மதி.

அந்த நிம்மதியோடுதான் திங்கள் இரவு ஒன்பதாம் நாள் தாளை எடுத்தேன். இரண்டாம் கேள்வி: இன்று உங்கள் துணை உங்களுக்காக எதையாவது விட்டுக்கொடுத்தாரா?

"ஆம்" என்று எழுதினால், அவளுக்குப் போக ஆசை இருப்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். "இல்லை" என்று எழுதினால், அவளுக்கு ஆசையே இல்லை என்று நான் நம்புவதாக அர்த்தம். நம்பினால் எனக்கு வசதி என்பது தவிர, நம்புவதற்கு என்னிடம் வேறு காரணம் கிடையாது.

காலியாக விட்டு உறையை ஒட்டினேன். பதினான்கு தாளில் காலியிடம் அது ஒன்றுதான்.

7

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், அவளுடைய ஒன்பதாம் நாள் தாள் எனக்கு எதற்கு என்று. அது கிடைக்காததால் எழுதுகிறேன். அவளாக என்னை நினைத்துக்கொண்டு.

(அ) "இன்று என் கணவருக்காக என் வாழ்வின் பெரிய வாய்ப்பைப் புன்னகையோடு விட்டுக்கொடுத்தேன். அவருடைய மகிழ்ச்சியே"

அவள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து படித்தாள். "யாரு இவ?"

"நீதான்."

"இவ்வளவு நல்லவளா இருந்தா இவகூட நானே குடித்தனம் பண்ண மாட்டேன். அப்புறம், நான் எப்ப புன்னகைச்சேன்? அன்னைக்கு எனக்குப் பல்வலி."

பல்வலியைச் சேர்த்தேன். பாத்திரம் தேறவில்லை. அடுத்தது:

(ஆ) "இன்று எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பொறுப்பில் எனக்கு விருப்பமே இல்லை. இந்த ஊர், இந்த வீடு, இந்த"

"இவ யாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "நீதான். என் கண்ணாடியப் போட்டுக்கிட்டு நிக்கற."

[வாசகரே, ஒரு பாத்திரம் தானே வந்து எழுத்தாளனைத் திருத்தினால் அவன் நன்றி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.]

"சரி, நேராவே கேக்கறேன். உனக்குப் போகணுமா?"

"வேண்டாம்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. எந்த இயந்திரமும் பொத்தானை அழுத்துமுன் ஓடினால் அதில் கோளாறு என்று அர்த்தம்.

"நிஜமாவா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

8

"நீ கேக்கற விதமே தப்பு," என்றாள். "கடையில 'தெரியுதா'ன்னு கேட்டா எல்லாரும் 'தெரியுது'ம்பாங்க. இவ்வளவு நேரமா நின்னு பாக்குதே இந்தப் பொண்ணு, அது மனசு நோகக் கூடாதுன்னு. அதனால அப்படிக் கேக்கவே மாட்டோம். ரெண்டு லென்ஸ் போட்டு, 'இதா, அதா'ன்னு கேப்போம். அப்பவும் சில பேரு நம்ம முகத்தைப் பாத்துத்தான் சொல்வாங்க."

"அவங்களை எப்படிக் கண்டுபிடிப்ப?" எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"ஒரே லென்ஸையே ரெண்டு தடவை போடுவேன். 'ரெண்டாவது பிரமாதம்'னு சொன்னா, ஆளு எனக்காகச் சொல்றாரு. 'ரெண்டும் ஒண்ணுதாம்மா'ன்னா, கண்ணால பாக்கறாரு."

எவ்வளவு நேர்த்தி! ஒரு திருகாணி கூட அதிகம் இல்லை. லென்ஸை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் விட்டுப் போடுவாள், சத்தம் ஒரே மாதிரி இருக்குமா, குழந்தைகளிடம் பலிக்குமா என்று பத்து நிமிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு சொன்னாள்: "உனக்கும் போட்டேனே."

"எனக்கா? எப்ப?"

"திங்கக்கிழமை ஒரு தடவை. வியாழக்கிழமை ஒரு தடவை. அதே கேள்வி."

எண்ணிப் பார்த்தேன். "ரெண்டு தடவையும் ஒரே பதில்தானே சொன்னேன்? அப்ப நான் தேறிட்டேன்!"

"நீ பதிலே சொல்லல. சுவத்துல எழுத்து இருக்கு, படிங்கன்னா, 'உங்களுக்கு எது வசதியோ அப்படியே படிச்சுக்கோங்க'ங்கற. ரெண்டு தடவையும். அதை வெச்சு நான் என்னன்னு கண்ணாடி எழுதிக் குடுக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த "உன் இஷ்டம்" இரண்டையும் என் முதல் கேள்விக்குப் பதிலாகத் தாளில் எழுதியிருந்தேன். திங்கள்: முடிவை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். வியாழன்: மறுபடியும். படம் இருக்கிறது.

"சரி," என்றேன். "நீ போக வேண்டாம்."

அதோடு நிறுத்தாமல் தொடர்ந்தேன்.

"தொழிற்சாலைய விட்டு வர எனக்கு மனசில்ல. நீ தனியாப் போறதும் எனக்குப் பிடிக்கல. இதுல ஒண்ணு கூட உனக்காகச் சொல்லல. எல்லாம் எனக்காகத்தான்."

"அப்பாடா," என்றாள். நிஜமாகவே அப்படித்தான் சொன்னாள். நல்ல நாற்காலியில், யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், சாய்ந்து உட்கார்ந்தாள். "எனக்குப் போகணும்பா. ரொம்பப் போகணும். இப்ப இருக்கற அறைக்கு நீளம் பத்தாது. எழுத்தை நேரா வைக்க முடியாம, எதிர்ல ஒரு நிலைக்கண்ணாடி மாட்டி, அதுல திருப்பிக் காட்டறோம். பதினோரு வருஷமா நான் கண்ணாடிக்குள்ள இருக்கற எழுத்தைத்தான் காட்டிக்கிட்டிருக்கேன். புதுக் கடையில நீளமான அறை. எழுத்து எழுத்தாவே இருக்கும். எந்த லென்ஸ் வாங்கணும்னு நான் சொல்வேன். காலையில நான் போய்த் திறப்பேன். நீயும் வரணும். இதுல எதுவும் உனக்காக இல்ல, எனக்காகத்தான்."

அறை நீளத்தைப் பற்றி இந்த எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் என்னிடம் சொன்னதில்லை. எப்படி வேலை செய்கிறது என்று ஊரில் உள்ள எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பவன், அதை நானும் கேட்டதில்லை.

"அப்படின்னா போ," என்றேன்.

"பாத்தியா! முழுசா ஒரு நிமிஷம் உன்னால தாங்க முடியல."

"நீ இப்ப என்ன சொல்ல வாயத் திறந்த?"

"அப்படின்னா வேண்டாம்னு."

அதனால் ஒரு விதி போட்டோம். நாளைக் காலை பத்து மணிவரை இந்த வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

9

விதி நல்ல விதிதான். ஆனால் கதைக்கு முடிவு வேண்டுமே. மதியம் முழுக்க உட்கார்ந்து மூன்று எழுதினேன்.

முதல் முடிவில், நான் வேலையை விட்டுவிட்டு அவளோடு போகிறேன். புது ஊரில் நீளமான அறையின் ஒரு கோடியில் உட்கார்ந்து, பிரிக்க எதுவும் இல்லாமல், கடையின் கதவுப் பூட்டைப் பிரித்து மாட்டுகிறேன். படித்துவிட்டு, "இது முடிவு இல்ல, மிரட்டல்," என்றாள்.

இரண்டாம் முடிவில், அவள் ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "இதுல அவ பல்லெல்லாம் தெரியுது. பயமா இருக்கு. எடு."

மூன்றாம் முடிவில், அவள் அங்கே, நான் இங்கே. வாரக் கடைசியில் ஒருவர் மாற்றி ஒருவர் ஐந்து மணி நேரம் ரயிலில். இது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. அட்டவணைகூடப் போட்டிருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் பிடிக்காத ஒண்ணை ரெண்டு பேரும் சமமாச் செய்யறதா?" என்று அட்டவணையைத் திருப்பி வைத்தாள். "ஏம்ப்பா, முடிவை நீ எழுதாத."

"ஏன்?"

"நீ எழுதினா, பாவம் இவளாச்சேன்னு என் பக்கம் சாய்ப்ப. இல்லன்னா, சாய்க்கக் கூடாதுன்னு பயந்து உன் பக்கம் சாய்ப்ப. நான் எழுதினாலும் அதே கதைதான். நம்ம ரெண்டு பேரையும் தெரியாத ஆளு யாராவது இருந்தா அவங்ககிட்ட குடு."

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

ஆகவே முடிவு உங்களிடம் வருகிறது. எழுத்தாளன் முடிவை எழுதாமல் நழுவுகிறான் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒரு முடிவு இருக்கிறது, எனக்கு மட்டும் வசதியான முடிவு. அதை ஏற்கெனவே அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவளும் சொல்லிவிட்டாள். அவள் போக விரும்புகிறாள், என்னோடு. நான் இருக்க விரும்புகிறேன், அவளோடு. அந்த ஒன்பதாம் நாள் தாள் இனி எனக்கு வேண்டாம். இருவரும் எதை விடப் போகிறோம் என்பது இப்போது நன்றாகவே தெரிகிறது, எதை விட்டாலும் வலிக்கும் என்பதும்.

தீர்மானிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கதையைச் சொன்னது நான் என்பதால், வெளிச்சம் என் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். எங்களில் யார் மனமும் நோகக் கூடாது என்று பார்த்தீர்களானால் நீங்களும் எங்களைப் போலத் தெருவில் முன்னும் பின்னுமாக நடக்க வேண்டியதுதான்.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பதில் கடிதத்தில் தேதி, வணக்கம், நன்றி எல்லாம் எழுதியாகிவிட்டது. நடுவில் ஒரு சொல்தான் பாக்கி. ஏற்கிறேன், அல்லது ஏற்கவில்லை. பேனாவின் மூடி இறுகிப்போய்க் கிடக்கிறது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருகுகிறாள். எனக்குக் கை பரபரக்கிறது. விதி விதிதான், நான் திறந்து கொடுக்கவில்லை.

திறந்துவிட்டாள்.

சொல்லுங்கள்.